கைராசிக்காரனின் கைகள்

இனி எந்த முதலாளியிடமும் என் படங்களைக் கொடுப்பதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை பல் துலக்கியபடியே சபதம் செய்தேன். வாய் நிறைய நுரை. என் மனைவிக்கு அது முதலை என்று கேட்டிருக்கிறது. முதலைக்கு எதற்குப் படம் என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். உலகத்துப் புரட்சிகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்கும். வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். விடிந்ததிலிருந்து மதியம் ஒரு மணி வரை, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வேன். என் குரலைக் கேட்டு ஊரே பெட்டி படுக்கையோடு ஓடும். வீட்டில் ஒரு நாற்காலிகூட நகராது. மனைவி லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எதுவும் நிற்காத நாளில் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவாள். மனிதர்களை ஏற்றுவதும் இறக்குவதும் அவள் தொழில். என் விஷயத்தில் இறக்குவது மட்டும்.

மூன்று வருஷமாக நான் ஒரு வீடியோ சேனல் நடத்திவந்தேன். பெயர், கைராசிக்காரன். ஒழுகும் குழாய், கொதிக்காத கெட்டில், பூட்டாத பூட்டு, எல்லாவற்றையும் சரிசெய்து காட்டும் சேனல். படத்தில் ஒரு மேசை தெரியும். அதன்மேல் பழுதான பொருள். கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள். பின்னால் என் குரல்.

குரல் என்னுடையது. கைகள் அவளுடையவை. இதைப் பற்றி நான் பொய் சொன்னதே கிடையாது. எதுவுமே சொன்னதில்லை, அவ்வளவுதான். இப்போது இந்தத் திருகாணியைக் கழற்றுகிறேன் என்பேன், அது கழன்றுவிடும். கையுறை பாதுகாப்புக்கு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். யாருடைய பாதுகாப்புக்கு என்று அவள் கேட்கவில்லை.

ஒரே ஒருமுறை, படத்தின் கீழே தன் பெயரையும் போடலாமே என்றாள். பாட்டுக்குப் பாடகர் பெயரைப் போடுவார்கள், ஆர்மோனியத்தின் பெயரையா போடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்கு ஒரு விநாடி முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

அதற்கு அடுத்த மாதம் என் சேனல் காணாமல் போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். காலையில் இருந்தன, மதியம் இல்லை. அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டமும், நீங்கள் தேடுவது இங்கே இல்லை என்ற வரியும் இருந்தன. உலகத்திலேயே பெரிய வீடியோ தளம் அது. எழுதிக் கேட்டேன். படைப்பின் உரிமையாளர் புகார் கொடுத்திருக்கிறார், அவர் யாரென்று சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. நான்தானே உரிமையாளர் என்று எழுதினேன். நான்கு விநாடியில், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று வந்தது. பொறுமையைக் காட்ட எனக்கு நேரமே கொடுக்கவில்லை.

ஆறு கடிதங்களுக்குப் பிறகு, நீங்கள்தான் கைராசிக்காரன் என்பதற்கு உங்கள் கைகளின் படத்தை அனுப்புங்கள் என்றார்கள். அவளுடைய கையுறையை எடுத்தேன். பாதி விரல்தான் நுழைந்தது. மீதியை மடக்கிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினேன்.

பொருந்தவில்லை என்று வந்தது.

அந்த ஒற்றைச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஓர் இயந்திரத்துக்கு என்னைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. மறுநாள் காலைதான் அந்தச் சபதம்.

எங்கள் மேல்வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை. பெரிய தளங்களின் பெயரைக் கேட்டாலே காறித் துப்புவார். அவர் வீட்டு அறை முழுக்கப் பெட்டிகள். அதனால் பெட்டிக்காரர். என் கதையைக் கேட்டுவிட்டு, ராஜாவும் இல்லாத மந்திரியும் இல்லாத ஓர் இடம் இருக்கிறது சார் என்றார். உங்கள் படத்தைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க யார் யாரோ வீட்டுப் பெட்டிகளில் வைத்திருப்பார்கள். அவர்கள் படத் துண்டுகள் உங்கள் பெட்டியில் இருக்கும். ஒருவர் அழித்தால் இன்னொருவரிடம் இருக்கும். மொத்தமாக அழிக்க யாராலும் முடியாது.

அன்று மாலையே, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கூடத்து அலமாரி மேல் வைத்தார். யாராவது என் படத்தைப் பார்த்தால் அதில் ஒரு பச்சை விளக்கு மினுங்குமாம். பிறகு பன்னிரண்டு சொற்களை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அதுதான் சாவி. சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சேனலுக்குச் சொந்தக்காரர். இந்த உலகத்தில் மனிதர் எவரும் திறந்தே பார்க்காத நூல் எது என்று யோசித்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டுக்குள் சீட்டை ஒளித்துவைத்தேன்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல போட்டா அழிக்கவே முடியாதா?"

"யாராலயும் முடியாது."

"உங்களாலயும்?"

"என்னாலயும்தான்."

"நல்லது," என்றாள்.

என்னிடம் மிச்சமிருந்த நாற்பது படங்களை ஏற்றினேன். ஒரு வாரம் விளக்கு மினுங்கவே இல்லை. எட்டாம் நாள், மதியத் தூக்கத்தின் நடுவில் விழிப்பு வந்தது. வீடு நிசப்தமாக இருந்தது. அலமாரி மேல் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மணி நாலு பத்து. யாரோ ஒருவர் கெட்டில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் நாலு பத்து. அதே ஒருவர், அதே கெட்டில். கணக்கைப் பார்த்தால் அவர் முழுப் படத்தையும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பதினோரு விநாடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தார். நானும் அதை ஓட்டிப் பார்த்தேன். கையுறைக் கை கெட்டிலைத் திருப்புகிறது. பளபளக்கும் அதன் வயிற்றில் ஜன்னல் தெரிகிறது. ஜன்னலுக்கு முன்னால், குனிந்த ஓர் உருவம். முகம் தெரியவில்லை. அது நானில்லை என்பது மட்டும் தெரிந்தது.

நான் பார்த்த அந்தப் பதினோரு விநாடியை, முகம் தெரியாத இன்னொருவர் தினமும் பார்க்கிறார். அதற்கப்புறம் நாலு மணிக்கு மேல் எனக்குக் கண் மூடவில்லை. அதனால் தூக்கத்தை மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

அங்கேதான் வினை.

ஒரு வியாழக்கிழமை சேனலைத் திறந்தால் நாற்பத்தொரு படங்கள் இருந்தன. நான் ஏற்றியது நாற்பதுதான். புதியதில் குரல் இல்லை, கையுறை இல்லை. எங்கள் மேசை. எங்கள் மேசை விசிறி. இரண்டு வெறுங்கைகள் அவசரமில்லாமல் அதைப் பிரித்துக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவன் தூங்குகிறான். சட்டையைப் பார்த்தேன். குனிந்து என் சட்டையையும் பார்த்தேன். ஒரே சட்டை.

பிடரி மயிர் எழுந்து நின்றது. ஓடிப்போய் விசிறியைப் போட்டேன். இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்தது, சத்தமே இல்லாமல் சுற்றியது. பேய் வந்தால் பொருள் உடையும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சரியாகும் என்று யாரும் சொன்னதில்லை.

சாயங்காலம் மனைவியிடம் காட்டினேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"யார் கைம்மா இது?"

"உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கறேன்?"

"அதுவும் சரிதான்," என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் இருக்கிறேன், பயப்படாதே என்றேன். சரி என்றாள்.

அடுத்த படம் இன்னும் மோசம். அதில் நான் விழித்திருந்தேன். தண்ணீர் பாட்டிலும் கையுமாக, அந்தக் கைகளை உரசுகிற தூரத்தில் நடந்துபோகிறேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று கூடத்தில் யாருமே இல்லை. என் மனைவி மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது படத்தில் அந்தக் கைகள் துணி துவைக்கும் இயந்திரத்தின் முதுகைக் கழற்றின. கழற்றிவிட்டுக் கையேட்டை எடுத்தன. பக்கம் பக்கமாகப் புரட்டின. என் சீட்டு வந்தது. இரண்டு விரல்களால் அதை எடுத்து, எழுத்து தெரியாதபடி முதுகுப் பக்கத்தை மட்டும் கேமராவுக்குக் காட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தன. எழுந்துபோய்க் கையேட்டைத் திறந்தேன். சீட்டு பத்திரமாக இருந்தது. பின்புறம் ஒரு கட்டைவிரல் ரேகை, கறுப்பு கிரீஸில்.

இதற்குள் பச்சை விளக்கு மினுங்குவதை நிறுத்திவிட்டு ஒரேயடியாக எரிய ஆரம்பித்திருந்தது. ஒருவர் பார்த்த சேனலை மூவாயிரம் பேர் பார்த்தார்கள். கீழே எழுதவும் செய்தார்கள். என்ன கைகள் என்று வியந்தார்கள். பின்னால் இருக்கும் அந்த மனிதர் யார் என்று கேட்டார்கள். ஒருவர், அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். எதை வைத்து நிரூபிப்பது என்று புரியவில்லை.

மாடிக்கு ஓடினேன். எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்றேன். பெட்டிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அழிக்க முடியாத இடம் வேண்டும் என்றுதானே சார் வந்தீர்கள் என்றார். பெட்டியையே அணைத்துவிட்டால் என்று கேட்டேன். உங்கள் வீட்டுப் பச்சை விளக்குதான் அணையும், படம் யார் வீட்டிலோ ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றார். சொல்லிக்கொண்டே தன் திரையில் மூன்றாவது படத்தை ஓட்டினார். கைகள் வந்ததும் நிறுத்தினார். அவர் முகம் மலர்ந்தது.

"இது உங்க வீட்டம்மா கைதானே சார்?"

திரைக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"கட்டைவிரல்ல அந்தத் தழும்பு பாருங்க. போன வருஷம் நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேனே, அப்ப கதவு இடுக்குல முதல்ல வந்தது இந்தக் கைதான். நாற்பது நிமிஷம் இதையே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க பாத்தாலும் அடையாளம் சொல்லுவேன்."

நாற்பது நிமிஷம் பிடித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வருஷமாக அந்தக் கையால் சாப்பிடுகிறவன், பேய் என்று படியேறி வந்திருக்கிறேன். இறங்கும்போது ஒவ்வொரு படியையும் பார்த்து இறங்கினேன்.

மதிய வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. மனைவி கடிகாரம் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். முதல்முறையாக அவள் கைகளைப் பார்த்தேன். தழும்பு இருந்தது. நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. நான் அறியாத யாரோ ஒருவருடைய கைகளைப் போல இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

பெரிய தளத்தில் புகார் கொடுத்ததும் நீதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், திருப்புளியை வைக்காமலே.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ஆர்மோனியம்னு சொல்லிச் சிரிச்சீங்க."

பிறகு நிதானமாக விளக்கினாள். தன் கைகளைப் படம் எடுத்துப் புகாரோடு அனுப்பியிருக்கிறாள். பொருந்துகிறது என்று உடனே பதில் வந்ததாம். சேனலைத் தன் பெயருக்கு மாற்றித் தருவார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்களோ வழக்கு வம்பு எதற்கு என்று மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்.

"எவனும் தூக்க முடியாத இடமா ஒண்ணு வேணும்னு தேடிக்கிட்டே இருந்தேன். நீங்களே கொண்டுவந்து அலமாரி மேல வச்சீங்க."

அப்படியானால் நாலு பத்துக்குக் கெட்டிலைப் பார்ப்பதும் நீதானே என்று, எஞ்சியிருந்த ஒரே பயத்தையும் தீர்த்துக்கொள்ளக் கேட்டேன்.

அவள் கை நின்றது. "நான் எதுக்கு அதைப் பாக்கணும்? நாலு பத்துக்குப் பாதி நாள் நான் லிஃப்ட் குழிக்குள்ள இருப்பேன். அங்க சிக்னலே கிடையாது."

நான் சேனலைத் திறந்து பார்த்தேன். மணி நாலு பன்னிரண்டு. கெட்டில் படத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் அலமாரி மேல் இருந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தோம். அவள் தன் நாற்காலியை ஓர் அங்குலம் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஒப்பந்தம். சேனலின் பெயர் இனி கைராசிக்காரி. கைகளுக்குப் பெயர் போடப்படும். குரல் தேவையில்லை. நான் எங்கே வருகிறேன் என்று தேடினேன். கடைசி வரியில் இருந்தேன். நாற்காலி காலியாக இருந்த ஒரு நாள், தூங்குகிற மனிதர் எங்கே என்று முந்நூறு பேர் கேட்டிருக்கிறார்களாம். படைப்பாளியின் உரிமைக்காக ஊரைக் கூட்டியவன் நான், என் குறட்டைக்காவது உரிமை வேண்டும் என்றேன்.

"அதை முதல் படத்துலயே வெட்டிட்டேன்," என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதமாக இதுதான் என் இரண்டாவது வேலை. தினமும் மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து தூங்க வேண்டும். நேற்று அதையும் நடுவில் நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் இயல்பாத் தூங்குங்க," என்று சொல்லிவிட்டாள்.