குதிரைப்படைக்கு மேல்பூச்சு

தளபதி அந்தச் சனிக்கிழமை மனைவியை ஏமாற்றியே தீருவது என்று முடிவெடுத்தார். இதே முடிவை அவர் முன்பும் பலமுறை எடுத்ததுண்டு. ஜெயித்தால் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தளபதி என்றதும் பட்டாளம், பதக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குப் பொய்ப்பல் செய்யும் லேப்பில் வேலை. மற்ற நேரத்தில் கட்டைவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவார். அவற்றை மேஜைமேல் அணிவகுத்து, பகடை உருட்டிப் போர் நடத்துவார். அந்த விளையாட்டு மன்றத்தில் கொடுத்த பட்டம்தான் தளபதி. வீட்டில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது.

அவருடைய ஒரே எதிரி போன மாதம் செத்துப்போனார். எதிரி என்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். உயிர்ச் சிநேகிதர். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பொம்மைகளுக்கு வார்னிஷ் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் அவருக்கு. நுரையீரல் கெட்டது அதனால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. வர்ணம் தீட்டி முடித்து, மேல்பூச்சு மட்டும் பாக்கியிருந்த ஒரு குதிரைப்படையை விட்டுவிட்டு அவர் போய்ச்சேர்ந்தார். அவர் மனைவி அதைப் பெட்டியோடு தளபதியிடம் கொடுத்துவிட்டாள். தளபதிக்கு அதைத் திறந்து பார்க்கத் தெம்பு வரவில்லை. பெட்டி அலமாரியிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் சிநேகிதர் நினைவாக ஒரு போர். அந்தக் குதிரைப்படையை எல்லாரும் கையில் எடுப்பார்கள். மேல்பூச்சு இல்லாத வர்ணம் விரல் வியர்வைக்கே உரிந்து வந்துவிடும். சிநேகிதரின் கை கடைசியாகச் செய்த வேலை ஒரே சாயங்காலத்தில் தேய்ந்து போகும். பிரஷ்ஷால் பூசலாம் என்றால், அவர் வர்ணம் அத்தனை மெல்லிசு. பிரஷ் பட்டாலே கலைந்துவிடும். ஸ்பிரேதான் ஒரே வழி.

ஸ்பிரே என்ற பேச்சை எடுத்தால் வீட்டில் இடி விழும். பல்லை ராவிய தூள் சேர்ந்து தளபதியின் நெஞ்சுப் படத்திலும் ஒரு நிழல் தெரிந்திருந்தது. லேப்பில் அவரைப் பார்சல் கட்டும் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். தூளும் புகையும் ஸ்பிரேயும் கிட்டவே வரக்கூடாது என்று டாக்டர் சொன்னது அவரிடம். அதை மனப்பாடம் செய்தது மனைவி.

"அவ்வளவுதானே, நான் அடிச்சுத் தரேன். எப்படின்னு சொல்லுங்க" என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

தளபதி விழுந்து விழுந்து சிரித்தார், இருமல் வரும்வரை. "இது என்ன கொசு மருந்துன்னு நெனச்சியா? டப்பாவ நல்லாக் குலுக்கணும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்கணும். ஒரே எடத்துல நிக்காம கைய ஓட்டிக்கிட்டே போகணும். மெல்லிசா ஒரு கை, காய விட்டு இன்னொரு கை. முக்கியமா வெயில் நாளா இருக்கணும். காத்துல ஈரம் இருந்துச்சோ, போச்சு, அத்தனையும் வெள்ளையாப் பூத்துடும். இதெல்லாம் உனக்கு எங்க வரும்?"

"எனக்கு வராதுதான்" என்று அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

தளபதி ரகசியமாக ஒரு வார்னிஷ் டப்பா வாங்கினார். தீர்ந்துபோன கரப்பான் மருந்து டப்பாவின் காகிதத்தை அலுங்காமல் உரித்து அதன்மேல் ஒட்டினார். சமையலறைத் தொட்டிக்கு அடியில், அவள் கண்ணெதிரேயே வைத்தார். போர்த்தந்திரம் என்றால் இதுதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி தங்கை வீட்டுக்குப் போனாள். "சாயந்தரம் வந்துடுவேன். சும்மா இருங்க" என்றாள்.

"இருக்காம எங்க போகப்போறேன்?"

அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்தவர் தளபதி. விடிந்தால் போர். வேறு வழியில்லை. பெட்டியையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டார். இரண்டு முகமூடி, அதற்குமேல் ஒரு துண்டு, கையில் உறை. பெட்டியைத் திறந்தார். குட்டிக்குட்டிக் குதிரைகள், ஒவ்வொன்றின் கண்ணிலும் ஊசிமுனை வெளிச்சம். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணில் மட்டும் குறை வைக்க மாட்டார். தளபதி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக நிறுத்தினார்.

குலுக்கினார். ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். அடித்தார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் காய்ந்ததும் ஒரு குதிரையின் முதுகு வெளுத்தது. பிறகு பக்கத்துக் குதிரை. பிறகு சவாரிக்காரர்களின் முகம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படை முழுவதும் வெள்ளைத்துணி போர்த்திய பிணங்களாக நின்றது. அவர் துடைத்துப் பார்க்கவும் பயந்தார். வர்ணமும் சேர்ந்து வந்துவிட்டால்?

சிநேகிதரைத் தான் இரண்டாம் தடவை சாகடித்துவிட்டதாக அவருக்குப் பட்டது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதார். அழுகை இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க. தெறங்க."

"கு... குளிக்கிறேன்."

"தண்ணி சத்தமே காணோம்? தெறங்கன்னா!"

திறந்தார். மழையில் நனைந்த புடவையோடு அவள் நின்றாள். அவரைப் பார்த்தாள், படையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"கரப்பானுக்கு மருந்து அடிச்சீங்களா?"

அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை. "பொய் சொல்லிட்டேன்மா. அது வார்னிஷ். மழை ஈரத்துல பூத்துப்போச்சு. அவன் வேலைய நானே பாழாக்கிட்டேன். நாளைக்கு அவன் பெண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஒரு குதிரையை எடுத்துக் குழாயைத் திறந்து அடியில் நீட்டினாள்.

"ஐயோ! வர்ணம்!"

"கத்தாதீங்க, மறுபடி இருமல் வரும்."

கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளை கரைந்து ஓடியது. செந்நிறக் குதிரை வெளியே வந்தது. கண்ணில் அந்த ஊசிமுனை வெளிச்சம் அப்படியே இருந்தது.

தளபதிக்கு வாய் மூடவில்லை. "வார்னிஷ் தண்ணில போகாதே!"

"வார்னிஷ் போகலியே. அடியில பத்திரமா இருக்கு. போன வாரம் நீங்க லேப்புக்குப் போனப்புறம் மொட்டைமாடில வெச்சு அடிச்சேன். நல்ல வெயில். ஒரு சாண் தள்ளி. மெல்லிசா ஒரு கை, காய விட்டு இன்னொரு கை. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"டப்பா உனக்கு எப்படி..."

"தொட்டிக்கு அடியில ஒரு கரப்பான் வந்துச்சு, அடிச்சேன். மருந்துல சுருண்டு விழுற பூச்சிதான் நான் பாத்திருக்கேன். இது நின்ன எடத்துலயே காஞ்சு, மீச கூட மடங்காம நின்னுச்சு. தண்ணி ஊத்தினேன், அசையல. உங்க சிப்பாய் மாதிரியே இருந்துச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"கேட்டா இன்னொரு டப்பா வாங்கி இன்னொரு எடத்துல வெப்பீங்க." அடுத்த குதிரையைக் குழாயடியில் பிடித்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "கண்ணாடிக்கடை அக்கா வீட்டுல அந்த ஆக்சிஜன் சிலிண்டர் இன்னும் மூலையிலதான் நிக்குது. போறப்பல்லாம் அதப் பாத்துட்டு வரேன். இந்த வீட்டுக்கு அது வேண்டாம். எனக்குப் பயமா இருக்குங்க."

தளபதி முகமூடிகளைக் கழற்றினார். இப்போதுதான் வாசனை மூக்கில் ஏறியது. வார்னிஷ் நாற்றம் இல்லை. எங்கேயோ நன்றாகப் பழகிய வாசனை. டப்பாவை எடுத்து முகர்ந்தார். கரப்பான் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, அடியில் அச்சடித்திருந்த இஸ்திரிப் பெட்டிப் படத்தைப் பார்த்தார்.

"அப்போ... நான் அடிச்சது?"

"துணிக்கு அடிக்கிற கஞ்சி ஸ்பிரே. உங்க காகிதத்த உரிச்சு நான்தான் அதுல ஒட்டி வெச்சேன்" என்றாள் அவள், டப்பாவை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தபடி. "நல்லவேளை, மிச்சம் இருக்கு. நாளைக்குப் போட்டுக்கற சட்டைய எடுத்துட்டு வாங்க. படை மட்டும் வெறப்பா நின்னாப் போதுமா?"