கம்பத்தில் முளைத்த மகம்

மாடி அறையை விட்டுக் கொடுக்க மாட்டேன். யார் வந்தாலும் சரி. என் பிணம் வேண்டுமானால் அங்கிருந்து இறங்கும். என் தொலைநோக்கி இறங்காது.

இதை அன்று மாலை டீ குடித்தபடியே அறிவித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குக் கண்ணில் நீர் வந்தது. என் பேச்சுக்கு என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

"யாரு இறக்கச் சொன்னா? ஓரமா தள்ளி வைங்க. இன்னிக்கு ராத்திரி என் தம்பி வரான். அங்க கட்டில் போட்டுப்பான்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரே வாரம்."

போன தடவையும் ஒரே வாரம்தான். நடுவில் காலண்டரே மாறியது. போதாததற்கு மச்சினன் கிளாரினெட் வாசிக்கிறவன். வாசிக்கிறான் என்பது அவன் கட்சி.

நான் ஓய்வு பெற்ற சர்வேயர். ஆயுசு முழுக்க ஊரார் நிலத்தை அளந்து கல் நட்டவன். எனக்கென்று மிஞ்சியது அந்த ஓர் அறை. அதிலும் வேலி தாண்டுகிறார்கள்.

"அது ரூம் இல்லடி. ஆய்வுக்கூடம்."

"என்னத்த ஆஞ்சீங்க? ஒரு கட்டுக் கீரை ஆஞ்சு குடுத்திருப்பீங்களா?"

இவளிடம் என்ன சொல்ல? வானத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முகவரி உண்டு. இரண்டே எண். வல ஏற்றம் என்பது தெரு; அதை மணி, நிமிடக் கணக்கில் சொல்வார்கள். நடுவரை விலக்கம் என்பது கதவு எண். என் தொலைநோக்கியின் கழுத்தில் இரண்டு வட்டத் தகடுகள். தெரிந்த ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, தகட்டை அதன் எண்ணில் நிறுத்த வேண்டும். பிறகு எந்த நட்சத்திரத்தின் எண்ணுக்குத் திருகினாலும் குழாய் அதன் வாசலில் போய் நிற்கும். இதைத் தினமும் காலையில் அவளுக்குச் சொல்வேன். எது எப்போது எழும், எப்போது விழும், எல்லாம். அவள் துணி மடிப்பாள். கொட்டாவி விடுவாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"அப்ப வானத்தைப் பாக்கவே வேணாமா?" என்றாள் திடீரென்று.

"வேணாம். அண்ணாந்து பாத்துத் தேடுறவன் கத்துக்குட்டி. எனக்கு எண் போதும்."

"சும்மா அளக்காதீங்க."

"அளக்குறதுதான்டி என் தொழில்! ஒரு நட்சத்திரம் சொல்லு. இன்னிக்கே பிடிக்கிறேன்."

"பிடிச்சா?"

"ரூம் எனக்கு. உன் தம்பி ஹால்ல உருளட்டும்."

"பிடிக்கலேன்னா?"

"நானே கட்டில் தூக்கிப் போட்டு, மெத்தையும் விரிச்சுத் தரேன். போதுமா?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி. மகம். இருட்டினதும் பிடிக்கணும். வானத்தை ஏறிட்டுப் பாக்கக் கூடாது. தகடு மட்டும்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மகமா? வல ஏற்றம் பத்து மணி எட்டு நிமிடம். விலக்கம் வடக்கே பன்னிரண்டு பாகை. தூக்கத்தில் உதைத்துக் கேட்டாலும் சொல்வேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சொன்னவன் கல்யாணம் ஆனவனாகத்தான் இருக்க வேண்டும்.

இருட்டியது. தொலைநோக்கியை அறையிலிருந்து மொட்டை மாடிக்கு நகர்த்தினேன். முதலில் ரோகிணியைப் பிடித்துத் தகட்டைச் சரிசெய்தேன். அதற்கு மட்டும் அனுமதி உண்டு. பிறகு கண்ணைத் தகட்டில் நட்டேன். டார்ச்சை அவளே பிடித்தாள். தகட்டின் மேல். தகட்டின் மேல் மட்டும். இப்படி ஓர் ஒத்துழைப்பு கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்ததில்லை.

திருகினேன். பத்து மணி எட்டு நிமிடம். திருகினேன். பன்னிரண்டு பாகை. ஆணியடித்த மாதிரி நின்றது.

வழக்கமாகக் குனிந்து, மடங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை வைக்க வேண்டும். அன்று நிமிர்ந்து நின்றே பார்க்க முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உள்ளே ஒளி. வெள்ளை வெளேரென்று.

"மாட்டிச்சுடி மகம்!"

"தெரியுதாங்க?"

"கண்ணு கூசுது! ஹால்லயே வைக்கச் சொல்லு உன் தம்பி பெட்டியை!"

"இன்னும் நல்லாப் பாருங்களேன்."

குமிழைத் திருகித் தெளிவாக்கினேன். நட்சத்திரத்துக்கு ஒரு கம்பம் இருந்தது.

குழாயை மெல்ல நகர்த்திக் கம்பத்தோடு போனேன். என் தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். கம்பம் முடிந்த இடத்தில் ஒரு மீசை தலைகீழாகத் தொங்கியது. பக்கத்தில் ஒரு பெட்டி. அதன் பக்கத்தில் கிளாரினெட் உறை.

"என்னங்க தெரியுது?"

"தெருமுனை."

"தெருமுனையில?"

"உன் தம்பி."

"அட, வந்துட்டானா!" டார்ச்சை அணைத்தாள். "மகம் எட்டரைக்கு மேலதானேங்க எழும்? இப்ப தரைக்கு அடியில இல்ல இருக்கும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க? காலையில, நான் துணி மடிக்கிறப்போ."

சங்கு ஊதும்போது செவிடன் தூங்கவில்லை.

"எண் சரிதான்டி! மகம் அங்கதான் இருக்கு! நடுவுல பூமி மறைக்குது, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கொஞ்சம் பொறு, எட்டரைக்குக் காட்டுறேன்!"

"காட்டுங்க, காட்டுங்க. முதல்ல கட்டிலைத் தூக்குங்க."

இன்றும் சொல்கிறேன். நான் தோற்கவில்லை. என் கணக்கில் ஒரு மயிரிழை பிசகில்லை. எட்டரை மணிக்கு மேல் மகம் எழுந்தது. நான் சொன்ன அதே திசையில், அதே புள்ளியில். தொலைநோக்கியில் பார்த்துவிட்டு மச்சினன், "அத்தான், சூப்பர்!" என்று மொட்டை மாடியிலிருந்து கத்தினான்.

நான் அப்போது மாடி அறையில் அவன் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.