மிரட்டல் வராத வருஷம்

"உங்க ஐயாவை யாராவது கொல்லப் பாக்குறாங்களா?" என்று கேட்டார் பர்மிட் பிரிவு கிளார்க்.

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "எனக்குத் தெரிஞ்சு இப்போதைக்கு யாரும் இல்லைங்க" என்றார்.

"அப்ப பர்மிட்டும் இல்லை."

கிளார்க் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளி, ஏழாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார். 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் வந்த உயிர் மிரட்டல். அசல் கடிதம் இணைக்கப்பட வேண்டும்' என்று அச்சாகியிருந்தது. அதற்கு நேரே டிரைவர், 'இல்லை. நலமாக இருக்கிறார்' என்று அழகாக நிரப்பியிருந்தார்.

"நலமா இருக்கிறவருக்கு எதுக்குய்யா குண்டு துளைக்காத கார்? தனி ஆள் கவச வண்டி வச்சுக்கணும்னா உயிருக்கு ஆபத்து இருக்கணும். அதுவும் புது ஆபத்தா இருக்கணும். பழசு செல்லாது. முப்பது நாள் தர்றேன். ஒரு மிரட்டலைக் கொண்டு வாங்க. இல்லேன்னா வண்டியை எங்க யார்டுல கொண்டு வந்து விட்டுடுங்க."

"மிரட்டலுக்கு நான் எங்கங்க போவேன்?"

"வருஷா வருஷம் டாண்ணு கொண்டு வருவீங்களே!"

வருஷா வருஷம் வந்ததென்னவோ உண்மைதான். ஜட்ஜய்யா பதவியில் இருந்தபோது, சரக்கு லாரிகளை மடக்கிக் கொள்ளையடித்த கும்பல் ஒன்றைக் கூண்டோடு உள்ளே தள்ளினார். தீர்ப்புச் சொன்ன மறுவாரம் அவர் வீட்டு கேட்டில் யாரோ சுட்டுவிட்டு ஓடினார்கள். அன்றைக்கு வந்ததுதான் அந்தக் கார். ஓய்வு பெற்றதும் அவரே அதைச் சொந்தமாக எடுத்துக்கொண்டார். நாலு டன் கனம். கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். ஜன்னல் இறங்காது. பழைய பாலத்தில் ஏறக் கூடாது. குறுகலான தெருவுக்குள் போவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த ஒரு கல்யாணத்துக்கு அனுமதி வந்து சேர்ந்தபோது, பொண்ணு மாப்பிள்ளைக்குக் குழந்தையே பிறந்திருந்தது.

ஆனால் மிரட்டல் மட்டும் தவறியதே இல்லை. பதினொரு வருஷமாக, பர்மிட் முடிய ஒரு மாதம் இருக்கும்போது தபாலில் ஒரு கடிதம் வந்துவிடும். ஐயா படித்துவிட்டு "ம்க்கும்" என்பார்.

"என்னவாம்?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பார்.

"கொல்லப் போறானாம்."

"வந்தா சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

கடிதம் விண்ணப்பத்தோடு போகும். பர்மிட் வரும்.

அந்த அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அதற்கப்புறம் ஐயா யாரோடும் பேசுவதில்லை. சாயங்காலம் மட்டும் வந்து காரின் பின்சீட்டில் இடது ஓரமாக உட்காருவார். வலது ஓரம் அம்மாவின் இடம். அது காலியாக வரும். டிரைவர் ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தத் தடித்த கண்ணாடி வழியாக அரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போலாம் தம்பி" என்பார். அவர் வீட்டை விட்டு வெளியே வருவது அதற்கு மட்டும்தான். வேலை போய்விடுமே என்ற கவலை டிரைவருக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த அரை மணி நேரம் போய்விட்டால் ஐயாவும் போய்விடுவாரோ என்ற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஐயாவும் காத்துக்கொண்டுதான் இருந்தார். தபால் வரும் நேரம் வாசலுக்கு வந்துவிடுவார்.

"ஏதும் வந்துச்சா தம்பி?"

"விளம்பரத் தாள்தாங்க ஐயா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லைங்க."

நம்பிக்கையில்லாமல் பெட்டிக்குள் தானே ஒரு முறை கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு உள்ளே போவார். எதிரிகள்கூட மறந்துவிட்ட மனிதர் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

கேட்டால்தானே கிடைக்கும் என்று, அந்தக் கும்பலின் தலைவனைத் தேடிக்கொண்டு போனார். விடுதலையாகி வந்த தலைவர் ஊருக்கு வெளியே பூச்செடி வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார். முழங்கால் வலி. ஒரு ரோஜாப் பதியனுக்குத் தண்ணீர் ஊற்றியபடியே விஷயத்தைக் கேட்டார்.

"மிரட்டலா? நானா? உள்ளே இருந்தப்பதான் இந்தத் தொழிலே கத்துக்கிட்டேன். ஜட்ஜய்யாவுக்கு நான் கும்பிடுல்ல போடணும்!"

"சும்மா ஒரு பேச்சுக்கு, 'உன்னை விட மாட்டேன்'னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதுங்கண்ணே. வருஷா வருஷம் எழுதுவீங்களே?"

"யாரு எழுதினது? மிரட்டுற அளவுக்கு எழுத்து தெரிஞ்சிருந்தா நான் எதுக்குத் தம்பி லாரியை மறிக்கப் போறேன்?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தலைவருக்கு மனசு கேட்கவில்லை. பெரிய மனுஷருக்கு நம்மால் கெட்ட பெயர் வேண்டாம் என்று, மகளை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்து, மறுநாளே பர்மிட் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார். 'எனக்கும் ஜட்ஜய்யா அவர்களுக்கும் எந்தப் பகையும் இல்லை. அவர் நீண்ட நாள் வாழ வேண்டும்.'

கிளார்க் போனில் கத்தினார். "மிரட்டல் கேட்டா வாழ்த்து அனுப்புறீங்க! இதையும் ஃபைல்ல சேர்த்தாச்சு. பகையே இல்லைன்னு ஆகிப்போச்சு, இனி முப்பது நாள் கிடையாது. பத்தே நாள்!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிரைவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் எழுத உட்கார்ந்தார். எழுதி முடித்ததை அவர் மனைவி வாங்கிப் படித்தாள்.

"'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, தங்களைக் கூடிய சீக்கிரம் கொலை செய்ய உள்ளோம்.' ஏங்க, கொல்லப் போறவன் இப்படியா எழுதுவான்?"

"ஐயாவை எப்படிடி 'நீ'ன்னு எழுதறது? கை வர மாட்டேங்குது."

"முன்னாடி வந்ததெல்லாம் எப்படி இருந்துச்சு?"

டிரைவர் நினைவுபடுத்திப் பார்த்தார். "ஒருதடவை எட்டிப் பாத்தேன். 'தனியா நடந்து வெளிய போனா தொலைஞ்சே. மழையில வாசல்ல நின்னா அதோட உன் கதை முடிஞ்சுது'ன்னு இருந்துச்சு."

"மழையில நின்னா சுடுறதுக்கு என்ன வசதியாம்?"

"யாருக்குத் தெரியும்? கொலைகாரனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும்."

ஆறு தாளைக் கிழித்துப் போட்டு, ஏழாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு 'நீ' என்று எழுதினார். எழுதிவிட்டு, யாரும் பார்க்காதபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் 'இப்படிக்கு, உன் எதிரி' என்று முடித்து, பேருந்து நிலையத் தபால்பெட்டியில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.

"ஐயா, தபால்!" என்று டிரைவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். ஐயா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். எட்டு மாதத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை டிரைவர் பார்த்ததில்லை. மனசுக்குள் தன்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டார்.

ஐயா உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். வந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது.

"பயப்படாதீங்க ஐயா. நான் இருக்கேன்."

"பயமெல்லாம் இல்லை தம்பி" என்றார் ஐயா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போகவில்லை.

மறுநாள் காலை, தன் கைப்பட எதையோ எழுதி, கடிதத்தோடு சேர்த்து ஒட்டி, "இதை ஆபீஸில் குடுத்துடு" என்று நீட்டினார். டிரைவர் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். சொந்த செலவில் சூனியம் என்பது இதுதான் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஓர் இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினார்.

"நிஜ மிரட்டல் வந்திருக்கு. விதி பதினாலு. வண்டியோட தகடெல்லாம் சோதிக்கணும், யார்டுக்கு எடுத்துட்டுப் போறோம். விசாரணை முடியற வரைக்கும் ஐயா வெளிய வரக் கூடாது." டிரைவர் பக்கம் திரும்பினார். "வண்டி எத்தனை மணிக்கு, எந்த வழியா, எங்க போகும்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தாங்க."

"அப்ப முதல் சந்தேகம் உங்க மேலதான். நாளையிலிருந்து வர வேண்டாம்."

சந்தேகம் நியாயமானது என்பதால் டிரைவரால் கோபப்படக்கூட முடியவில்லை.

நாலு நாள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஐயா வீட்டுப் பக்கம் போனார். போலீஸ்காரர் உள்ளே விடவில்லை. கேட்டுக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். கார் நின்ற கொட்டகை காலியாக இருந்தது. அதற்குள்ளே இரண்டு நாற்காலி போட்டு, இடது பக்க நாற்காலியில் ஐயா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம். டிரைவர் அங்கேயே நின்றிருந்தார். பிறகு ஐயா யாரும் இல்லாத இடத்தில், "போலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஆபீஸ் திறக்கும்போது டிரைவர் பர்மிட் பிரிவில் கிளார்க்கின் மேசை முன்னால் நின்றார்.

"சார், அந்த லெட்டரை எழுதினது நான்தாங்க."

கிளார்க் பேனாவை மூடிவைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை நான் எழுதிக்கிட்டா நீங்க உள்ளே போவீங்க. வண்டி இரும்புக் கடைக்குப் போகும். தெரியுமில்ல?"

"தெரியுங்க. ஆனா அவர் பயந்து போயிருக்காரு. உங்களைக் கொல்ல யாரும் வரலைன்னு யாராவது ஒருத்தர் அவருக்குச் சொல்லணுமில்ல? அந்தக் காரும் வேண்டாம், வேலையும் வேண்டாம். ஒரு சாதாரண வண்டியில ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வர விட்டா போதும்."

கிளார்க் அந்த ஃபைலைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒண்ணுதாங்க எனக்கு விளங்கலை" என்றார் டிரைவர். "பதினொரு வருஷமா பதினொரு லெட்டர் குடுத்தேன். ஒரு போலீஸ்காரர் எட்டிப் பாக்கலை. நான் எழுதின இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் சார் இத்தனை பாடு?"

"முன்னாடியெல்லாம் விசாரணை வேண்டாம்னு ஐயாவே எழுதிக் குடுத்துடுவாரு."

"இந்தத் தடவை?"

கிளார்க் ஃபைலைப் புரட்டி, ஜட்ஜய்யா கைப்பட எழுதிய தாளை எடுத்தார். ஒரு முறை தனக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, டிரைவருக்கு மட்டும் கேட்கிற குரலில் படித்தார்:

"'இந்தக் கடிதத்தைத் தீவிரமாக விசாரிக்க வேண்டுகிறேன். இதற்கு முன் வந்த பதினொன்றும் என் மனைவி, கையெழுத்தை மாற்றி, எனக்கு எழுதியவை. இது ஒன்றுதான் அவள் எழுதாதது.'"