ஆகோஸ்த் ஊர்க் கூஜா

அரைகுறையாகத் தெரிந்தவன், ஒன்றும் தெரியாதவனைவிட ஆபத்தானவன். முப்பது வருஷம் பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடத்திய எனக்கு இது அறுபத்தெட்டாம் வயதில், மகளின் நிச்சயதார்த்தத்தில்தான் விளங்கியது.

மகள் காந்திமதி கட்டிக்கொள்ள விரும்பிய மார்த்தின், ஸ்பெயினில் ஆகோஸ்த் என்ற குயவர் ஊர்க்காரன். ஆனால் என் மனைவியின் தம்பி நெல்லையப்பன், பெண்ணின் தாய்மாமனாக, நிச்சயத் தாம்பூலத் தட்டைத் தொட்டால்தான் கல்யாணம். "வெள்ளக்காரப் பய குடிப்பாம்லா, அத்தான்?" என்று ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாவை முன்நின்று நடத்துகிற மனிதர். சாராய வாடையே ஆகாது.

முந்தின நாள் வந்திறங்கிய மார்த்தின், தன் அப்பா வனைந்த வெள்ளை மண்கூஜாவில் எதையோ ஊற்றி, தண்ணீர் நிரப்பி, சமையலறையில் வைத்தான். "புதுக் கூஜாவுக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம்..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

"தெரியும், தெரியும்!" என்றேன். ஒரு வாரமாகச் செல்போனில் அவன் ஊரைத்தானே படித்துக்கொண்டிருந்தேன்! மண்ணில் உப்புச் சேர்ப்பதையும், நீர் கசிந்து உள்ளே குளிர்வதையும் குயவன் மகனுக்கே பாடம் எடுத்தேன். பாவம், அவன் கொட்டாவியை மென்றுகொண்டு தூங்கப் போனான். (அப்போதே யாராவது என் வாயைத் தைத்திருக்கலாம்.)

மறுநாள் உச்சிவெயிலில் நெல்லையப்பன் வந்தார். தண்ணீர் கேட்டார். கூஜாவை நீட்டினேன்.

"அண்ணாந்து குடியும் வே! அந்த ஊர்லயும் எச்சில் படாமத்தான் குடிப்பாங்க."

நாலு மடக்கு இறங்கியது. "சோம்பு மணக்குதே, அத்தான்?"

"ஆமா, சோம்புத் தண்ணி. செரிமானத்துக்கு நல்லது" என்று கூசாமல் புளுகினேன்.

அவர் இன்னும் நாலு மடக்கு குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். கண்ணை மூடித் திறந்தார்.

"யத்தான், இது சாராயம்லா! அதுவும் நயம் சரக்கு!"

பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவியின் குரல் பைய வந்தது.

"அது சரி. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நெல்லையப்பன் மின்விசிறியைப் பார்த்தார். அதற்குள் மார்த்தின் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தான். மண்வாடை போக, புதுக் கூஜாவில் சோம்புச் சாராயம் கலந்த தண்ணீரை மூன்று நாள் ஊறவைத்துக் கொட்டிவிட வேண்டுமாம். குடிக்கக் கூடாதாம்.

நெல்லையப்பனின் மனைவி இடுப்பில் கைவைத்தபடி எழுந்தார்.

"பேசிக்கிட்டே இருந்தா எப்படி? நல்ல நேரம் போகுதுல்லா! தட்டக் கொண்டாங்க!" என்று அலறினார் நெல்லையப்பன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க நான் பலமுறை முயன்றுவிட்டேன். கூஜா என்றாலே செருப்பைத் தேடுகிறார், வெளியே போவதற்கு. மார்த்தின் தமிழில் முழுதாகக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் நெல்லையப்பனின் மனைவி அன்று கேட்ட கேள்விதான். இன்றும் ஆகோஸ்த் வரலாற்றை நான் விருந்தாளிகளிடம் ஆரம்பித்தால், அடுப்படியிலிருந்து கேட்கிறான்:

"மாமா, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"