மார்க்கர் சொன்ன ஏழு

அந்த மலைத்தொடர் முழுக்கத் தேடினாலும் அன்றைக்கு ஒரே ஒரு புரொபஷனல் ஸ்னூக்கர்காரர்தான் அகப்பட்டிருப்பார். அவர் ஒருவருக்குத்தான் ஸ்னூக்கர் போட்டியில் ஆட அனுமதி கிடையாது.

எழுபதுகளின் நடுவில் நான் வடகரப்பதியிலிருந்து இடுக்கி மலையேறி, ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் தொரைமார் கிளப்பில், மேசைமேல் கோலால் பந்தடிக்கும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு ஸ்கோர் பலகையில் முள் நகர்த்தும் வேலையும் என் தலையில் விழுந்தது. அங்கேதான் மார்க்கரைப் பார்த்தேன். மேசையைத் துடைத்து, பந்து பொறுக்கி, ஆட்டத்தின் ஸ்கோரை உரக்கச் சொல்ல வைத்திருக்கும் ஆளுக்கு மார்க்கர் என்று பெயர். பெரிய தொரையிலிருந்து பால்காரர் வரைக்கும் யாரும் அவரை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் சம்சாரமே, "எங்க மார்க்கரு இன்னும் வரல்லியா?" என்றுதான் கேட்பார்.

மழைக்காலத்தில் சுற்றுவட்டார எஸ்டேட் தொரைமாருக்குள் ரேங்கிங் போட்டி நடக்கும். முதல் எட்டு பேரின் பெயரை, அவரவர் எஸ்டேட் பெயரோடு, தேக்குப் பலகையில் தங்க வர்ணத்தில் எழுதி மாட்டுவார்கள். மேசையால் சம்பளம் வாங்குகிறவன் புரொபஷனல், அவனுக்குப் போட்டியில் இடமில்லை என்பது கிளப் சட்டம். மார்க்கர் இதைப் பட்டம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிவார்.

"அவுகல்லாம் அமெச்சூரு, கிளார்க்கய்யா. நாந்தான் புரொபஷனலு."

சொல்லிவிட்டு அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது.

மழை பிடித்தால் மூன்று மாதம் விடாது. மேசைத் துணி ஈரம் குடித்துவிடும், பந்து நகராது. மார்க்கர் கரிப்பெட்டி வைத்துத் துணியை நீவி நீவித் தேய்ப்பார். அவர் சட்டை மட்டும் தேய்ப்பு என்றால் என்னவென்றே அறியாது. வீட்டிலிருந்த ஒரே கம்பளியைக் கொண்டுவந்து பந்துகளுக்குப் போர்த்திவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். நனைந்த காலோடு பெரிய தொரையே வந்தாலும் வாசலில் நிறுத்தி, "தொரை, காலு" என்பார். அவரும் பேசாமல் துடைத்துக்கொள்வார்.

மழையில் தரை இறங்கி மேசையின் ஒரு கால் தாழ்ந்துபோகும். கடப்பாரையால் நெம்பி, மடித்த காகிதத்தை அடியில் செருகிச் சமன் செய்வார். எவ்வளவு மடிப்பு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"மேசைக்கு மூட்டுவலி. இந்த மழைய அது தாங்காது, கிளார்க்கய்யா. அது போனா நானும் போயிருவேன்."

வருஷா வருஷம் சொல்வதுதானே என்று நாங்கள் சிரிப்போம்.

ஒரு வருஷம் போட்டிக்கு முந்தின நாள் எங்கள் சின்ன தொரை பாறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் ஆடுகிற தொரை அவர் ஒருவர்தான். ஆள் இல்லையென்றால் எங்கள் எஸ்டேட் பெயரே பலகையில் வராது. பெரிய தொரை மார்க்கரைக் கூப்பிட்டார்.

"சின்ன தொரை பேர்ல நீ ஆடு, மத்த எஸ்டேட்டுல நான் பேசிக்கிறேன். ஜெயிச்சுட்டா அடுத்த வருஷம் சட்டத்த மாத்தி, உன் பேரையே போர்டுல எழுதுறேன்."

அன்று மத்தியானமே மார்க்கர் என்னிடம் வந்து நின்றார்.

"எம்பேர ஒரு பேப்பர்ல கொட்டை எழுத்துல எழுதித் தாங்கய்யா. பெயிண்டர் தப்பா எழுதிரப்படாது."

"ஏனுங்க மார்க்கரே, மொதல்ல ஜெயிங்க."

"அது நான் பாத்துக்கிடுதேன். நீங்க எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். பையில் வைத்து, இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கோட்டு இல்லாமல் ஆடக்கூடாது என்பது இன்னொரு சட்டம். சின்ன தொரையின் கோட்டை மாட்டிவிட்டார்கள். தொரை ஆறடி, மார்க்கர் ஐந்தடி. கை எங்கே முடிகிறது, கோட்டு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்கோர் சொல்ல வேறு ஆளும் இல்லாததால் அதையும் அவரேதான் சொன்னார். பந்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "சின்ன தொரை, முப்பத்தி நாலு" என்று யாரோ ஆடியதைப் போலச் சொல்வார். சிரித்துச் சிரித்து எனக்கு முள்ளே கையில் நிற்கவில்லை.

கடைசி ஆட்டம் பக்கத்து எஸ்டேட் டாக்டரோடு. மேசையில் மிச்சம் கறுப்புப் பந்து மட்டும். அதைப் போட்டால் ஏழு. மார்க்கர் மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தார். கோலால் அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்து கறுப்புக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கறுப்புக்கு மேலாகக் கையை ஊன்றி, வெள்ளையை மேசை ஓரத்தில் முட்டித் திரும்ப வைத்து அடித்தார். கறுப்பு போய்க் குழியில் விழுந்தது. பெரிய தொரை எழுந்து நின்று கை தட்டினார்.

மார்க்கர் நிமிரவே இல்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்து சொன்னார்.

"ஃபௌல். ஏழு."

கோட்டுக் கை கறுப்பில் உரசியிருந்தது. துணி பட்டாலும் தப்பாட்டம்தான். தப்பாட்டத்துக்கு எதிராளிக்கு ஏழு பாயிண்ட் போகும், ஆட்டமும் முடிந்தது. உரசியதை டாக்டர் பார்க்கவில்லை, தொரை பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"ஏழு தள்ளுங்க, கிளார்க்கய்யா."

நான் முள்ளை விட்டு ஒதுங்கி நின்றேன். அவரே வந்து டாக்டர் பக்கத்து முள்ளை ஏழு தள்ளினார்.

"ஏனுங்க இப்படிப் பண்ணிப் போட்டீங்க?" என்றேன்.

"ஆடுனது சின்ன தொரை, அய்யா. ஸ்கோர் சொன்னது நான்லா?"

சின்ன தொரைக்குக் கால் வலியைவிட இந்த வலி பெரிதாகிவிட்டது. மார்க்கரைத் தேயிலை ஃபாக்டரிக்கு மாற்றிவிட்டார்கள். தூள் சலிக்கும் இடம். இரண்டே வருஷத்தில் இருமல் பிடித்து, திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. இறந்துபோன செய்தி மட்டும் வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அன்றைக்குத்தான் கசந்தது.

ஒரு அதிசயம் சொல்ல வேண்டும். அவர் போன பிறகு எத்தனை மழை பெய்தும் அந்த மேசை மட்டும் சாயவில்லை. பிறகு கிளப்பை மூடி மேசையைக் கழற்றியபோது நானும் அங்கே இருந்தேன். தாழும் காலுக்கு அடியில் காகிதம், எட்டாக மடித்தது. பிரித்தேன். என் கையெழுத்து, கொட்டை எழுத்து.

அந்தத் தேக்குப் பலகை எந்த அடுப்புக்குப் போனதோ தெரியாது. எழுதிக் கொடுத்த கை இன்னும் இருக்கிறது. பெயிண்டருக்குக் கொடுக்காமல் போன பேரை இங்கேயாவது எழுதிவிடுகிறேன், அச்சுக் கோர்க்கிறவர் தப்பில்லாமல் போடட்டும்: மா. சுடலைமுத்து.