ஆடி பத்தில் வந்த லேப்டாப்

திண்டுக்கல்,
ஆவணி 17, புதன்கிழமை.

நத்தத்தில் மாந்தோப்பும் மகன் பேரனுமாக நன்றாகவே இருக்கும் என் உடன்பிறந்த தம்பி ஆண்டிச்சாமிக்கு, அக்காள் அய்யம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மருமகள் பானுப்ரியாவும் பேத்தி கீர்த்தனாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தையும் கேட்பதுதான் முறை, அதனால் கேட்கிறேன். பதினோரு வருடமாகப் பேசாதவள் எதற்கு எழுதுகிறாள் என்று நீ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுவாய். உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று கோட்டை மாரியம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவள்தான் நான். அந்தச் சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. பூசாரியிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். உன் பேரன் விக்னேஷ்குமாரை விட்டு, கீர்த்தனாவின் படிப்புக்கு என்று சொல்லி நீ அனுப்பிய லேப்டாப்பைக் கண்டு எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். மூன்றாம் வகுப்போடு நின்றதாலும்தான். அது யாரால் என்று பின்னால் வருகிறேன்.

அது வந்த நாள் ஆடி பத்து. கரிநாள். ஏலே, வருஷத்தில் அம்புட்டு நாள் கிடக்க, அக்காள் வீட்டுக்குக் கரிநாள் பார்த்தா பொருள் அனுப்புவார்கள்? கூரியர்காரரை வாசலிலேயே நிறுத்தி, நாளைக்குக் கொண்டாங்கய்யா என்றேன். "இன்னைக்கு வாங்கலேன்னா திருப்பி அனுப்பிருவேன் ஆத்தா" என்றார். அனுப்பு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கீர்த்தனா பாய்ந்து வந்து வாங்கிவிட்டாள். நான் பெட்டியைப் பிரிக்கவிடாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். லேப்டாப்புக்குள் ஓடுகிற தேதியை மாற்றலாமாம், அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து பிரிக்கவிட்டேன். வைகாசி இருபத்தொன்று, வளர்பிறை முகூர்த்தம் என்று என் கண் முன்னாலேயே மாற்றி, "இந்தா அப்பத்தா, இந்தப் பெட்டிக்கு இன்னைக்கு முகூர்த்தநாள், போதுமா?" என்று சந்தனம் வைத்தாள். மறுநாள் பழையபடி திருப்பிவிட்டாள். ஆடி முழுக்க ஒழுங்காகத்தான் ஓடியது. நர்சிங் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டதும் அதில்தான்.

ஆவணி மூன்றாம் தேதி கீர்த்தனாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு விட்ட அன்றைக்குப் பெட்டிக்குப் பிடித்தது. எதைத் திறந்தாலும் உள்ளே விடாமல், திரை முழுக்க வெளுத்து, நடுவில் சிவப்பாக ஒரு முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. கீழே தமிழில் நாலு வரி. எழுத்துக்கூட்டி வாசித்தேன். உங்கள் தகவல்களைத் திருட யாரோ முயலக்கூடும் என்று போட்டிருந்தது. திருட முயலக்கூடிய ஆள் என்று எனக்குத் தெரிந்து எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணினேன். ஒரு விரலோடு நின்றுவிட்டது.

நீ இல்லை என்பாய். எனக்கு மறதி கிடையாது. அம்மா எனக்கென்று உறியில் வைத்த ஏழு பணியாரத்தில் நாலைத் தின்றுவிட்டுப் பூனை மேல் பழி போட்டாய், அந்தப் பூனையை அப்பா சாக்கில் கட்டிக் கன்னிவாடியில் கொண்டுபோய் விட்டார், அது திரும்பவே இல்லை, என் சிலேட்டை எடுத்துப்போய்க் கோலிக்குண்டுக்கு மாற்றினாய், என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பந்தியில் பரிமாறினாய், கடைசியில் அப்பா நட்ட கல்லாமை மாமரத்தில் என் பங்குப் பக்கம் சாய்ந்திருந்த கிளையை, காயும் பிஞ்சுமாக, அவர் காரியம் முடிந்த மறுநாளே வெட்டினாய், கேட்டதற்குக் கிளை பட்டுப்போச்சு என்றாய், பட்டுப்போன கிளையில் எங்கேயாவது பிஞ்சு இருக்குமா? அப்படிப்பட்டவன் பேரன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், அவன் கைபட்ட பெட்டி என் வீட்டுக்குள் இருக்கிறது, அதிலேயே திருடன் என்று எழுதியும் வருகிறது. நான் என்னவென்று நினைப்பது?

பெட்டியின் நெற்றியில் ஒரு கண் இருக்கிறது. அது வழியாக உள்ளே பார்க்கலாமாம், பானுப்ரியா வேலை பார்க்கும் மில்லில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கே ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கண்ணில் ஒட்டினேன். வீட்டுப் பத்திரத்தை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன். நீ டிரம்மைப் பார்க்க முடியாது என்றாலும், எழுதியதைப் படித்துவிட்டாய், இனி வேறு இடம் பார்க்க வேண்டும். பெட்டி இருக்கிற அறை வாசலுக்கு மேலே படிகாரம் கட்டியாயிற்று. அதன் எதிரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நேற்று, என்ன வெஞ்சனம் வைக்கட்டும் என்று மருமகள் கேட்டதற்குக்கூடக் காதோடு காதாகத்தான் கத்தரிக்காய் என்றேன். "என்னத்த, கத்தரிக்காய்க்கு எதுக்கு ரகசியம்?" என்று அவள் உரக்கக் கேட்டாள். இப்போது உனக்கும் தெரிந்திருக்கும்.

கீர்த்தனா சும்மா இருக்கவில்லை. அணைத்து அணைத்துப் போட்டாள். பிரவுசரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். வைரஸாக இருக்கும் என்று ஒரு காவல் புரோகிராம் போட்டாள், அது போதாதென்று அதன் மேல் இன்னொன்று. அன்றிலிருந்து பிரவுசரைத் திறந்தால் செத்த நேரம் சக்கரம் சுற்றுகிறது, பிறகு தானே விழுந்து மூடிக்கொள்கிறது. எதிர்பாராமல் மூடிவிட்டது என்று ஒரு சீட்டு வேறு காட்டுகிறது. எதிர்பாராமலாவது! நாள் முழுக்க அதையேதான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்.

சிரிக்காதே. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமைக்குள் ஹால் டிக்கெட்டை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. வெளியே கடையில் போய் எடு என்றால் பாஸ்வேர்டு அவளுக்கு ஞாபகம் இல்லை. அது அந்தப் பெட்டிக்குத்தான் ஞாபகமாம். புதுசாக வாங்க அவள் போனுக்கு நம்பர் அனுப்புவார்களாம், அந்த போன் சிம்மோடு ஆடிப்பெருக்கன்றே கிணற்றில் விழுந்துவிட்டது. நேற்றிலிருந்து பிள்ளை சோற்றில் கை வைக்கவில்லை. "விடு அப்பத்தா, அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்" என்கிறாள். அடுத்த வருஷம் என்கிற சொல்லை நான் கேட்டிருக்கிறேன். நீ பிறந்தபோது, தம்பியைத் தூக்கி வச்சுக்க ஆள் இல்லை, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகலாம் என்றுதான் அம்மா என்னை நிறுத்தினாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக நாலாம் வகுப்பைப் பார்த்தேன். நீ என் மேலேயே மூத்திரம் பெய்தாய். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. அவளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

ஆகவே தம்பி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பெட்டிக்குள் என்ன வைத்தாயோ அதை எடுக்கச் சொல். பத்திரம் வேண்டுமானால் டிரம்மோடு தருகிறேன். பிள்ளையை விட்டுவிடு.

உன் பெண்டாட்டிக்கு என் விசாரிப்பு, அவள் என்னை விசாரிக்காவிட்டாலும். உன் தோப்பு காய்க்கட்டும், பேரன் பேத்தி நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன், மனசு கொஞ்சம் வெந்திருந்தாலும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்காள்,
அய்யம்மாள்.

பின்குறிப்பு: ஒட்டிய கவரை ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சைதூன் மகள் ரஃபியா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள், சாயங்காலம் வந்தாள். அந்த இரண்டு காவல் புரோகிராமும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு உருண்டதில்தான் பிரவுசர் விழுந்ததாம். ஒன்றைத் தூக்கிவிட்டாள். பிறகு மூலையில் உற்றுப் பார்த்து, "அப்பத்தா, இதுல வைகாசி மாசத் தேதி ஓடுதே, யாரு மாத்துனது?" என்றாள். தேதி மூணு மாசம் பின்னால் நின்றால் எந்த வெப்சைட்டும் நம்பாதாம், திருடன் என்றுதான் பயமுறுத்துமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த ஸ்டிக்கர் பொட்டைப் பார்த்தேன்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது, கரிநாள் தோஷம் இன்னும் விடவில்லை என்று நான்தான் மாற்றினேன். ஆடியில் அவள் எங்கெங்கே அமுக்கினாள் என்று எனக்கு அத்தனையும் ஞாபகம் இருந்தது. கீர்த்தனாவிடம் விக்னேஷ்குமார் கோயம்புத்தூரிலிருந்தே மாற்றியிருப்பான் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டால் ஆமாம் என்று சொல்லச் சொல். பூனைக்கு அது சரியாகப் போகும்.

மேலே நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசில்லை. கிளை சமாச்சாரம் தவிர மற்றதைப் படிக்காதே.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பரீட்சை எழுதும் இடம் நத்தம். உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. முதல் நாளே அவளைக் கூட்டிக்கொண்டு வாரேன். நான் உன்னோடு பேசமாட்டேன், நீ பேசு. பிள்ளைக்கு ராத்திரி இட்லி போதும்.

பரீட்சை ஆவணி இருபத்தெட்டு. கரிநாள். ரஃபியாவிடம் கேட்டுப் பார்த்தேன், அதை மாற்ற முடியாதாம்.