தையல் மெஷினில் பதினோரு நாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அவர்கள் சுகமாக இருப்பதுதான் எனக்கு இடைஞ்சல்.

போன மாதம் சாப்பாட்டு மேசையில், கடல் அலையில் மின்சாரம் எடுக்கும் உங்கள் பெட்டிக்கு மூடியாகப் போடும் ரப்பர் சவ்வைக் காட்டினீர்கள். அலை அமுக்கும்போதெல்லாம் அது மடங்கி விரிய வேண்டும், பத்து வருஷம் கிழியக் கூடாது என்றீர்கள். நான் முகர்ந்து பார்த்துவிட்டு, இது தாங்காது, லாரி டியூப் ரப்பர் போடுங்கள் என்றேன். "மாமா, இது பஞ்சர் கடை சமாச்சாரம் இல்ல" என்றீர்கள். என் மகளும் சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷம் பஞ்சர் ஒட்டியவன் நான். எனக்குப் பாடம் சொன்னது ரப்பர்தான், வாத்தியார் இல்லை.

ஆகையால் சோதித்தேன். உங்கள் அத்தையின் தையல் மெஷினில் ஊசியைக் கழற்றி, ஏறி இறங்கும் கம்பியில் குறுக்குக் கட்டை கட்டி, கீழே உப்புத் தண்ணீர் ஊற்றிய இரண்டு டப்பா வைத்தேன். ஒன்றின் வாயில் நீங்கள் விட்டுப்போன துண்டு, மற்றதில் என் டியூப் துண்டு. இரண்டும் ஒரே கறுப்பு என்பதால் என்னுடையதில் சாக்பீஸ் குறி போட்டு, இரும்பு வளையம் வைத்து முடுக்கினேன். என் வளையத்தின் விளிம்பை மட்டும் அரம் போட்டு மழுக்கினேன். அது கைப்பழக்கம், ஓரவஞ்சனை இல்லை. மோட்டார் ஓடியது, உப்புத் தண்ணீர் தெறித்து மாடி வீட்டம்மாவின் திரைத்துணி பாழானது, தைக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், அத்தை என்னோடு பேச்சை நிறுத்தினாள், அது ஒன்றுதான் ஆதாயம். நாலாம் நாள் உங்கள் டப்பாவில் சவ்வு வளைய ஓரத்தில் கிழிந்தது. என் டப்பாவில் பதினோரு நாளாகியும் கீறல் இல்லை.

திங்கட்கிழமை சவ்வை அச்சில் வார்க்கிறீர்களாமே. நிறுத்துங்கள். என் ரப்பரைப் போடுங்கள். கடலில் கிழிந்தால் உங்கள் வேலை போகும். அப்புறம் என் மகள் சிரிக்கமாட்டாள்.

அவளுக்கு என் ஆசி. உங்களுக்கும் உண்டு, ரப்பரை மாற்றிய பிறகு.

இப்படிக்கு,
பஞ்சர் கடை மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அத்தை வாய் திறந்தாள். "கிழியாததுக்கு அடியில அவங்க கம்பெனி நம்பர் இருக்கே, பாக்கலையா? நாலு நாளா சொல்லணும்னுதான் இருந்தேன். நாமதான் பேசறதில்லையே." முதல் நாள் நான் வெளியே போன நேரத்தில், உப்பு படிகிறதென்று இரண்டையும் கழற்றிக் கழுவி, டப்பா மாற்றி மாட்டியிருக்கிறாள். சாக்பீஸ் குறியும் அதோடு போயிற்று; நான் டப்பாவை வைத்தே கணக்குப் பார்த்திருக்கிறேன். கிழிந்தது என் டியூப். உங்கள் ரப்பரையே வார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வளையத்தை மழுக்காமல் மாட்டக் கூடாது. அரம் இத்துடன் வருகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தரவும்.